கம்பம் எண் 31

புகார்ப் பதிவேட்டில் ஐந்து கட்டங்கள்.
எரியவில்லை. விட்டு விட்டு எரிகிறது.
பகலிலும் எரிகிறது. கம்பம் சாய்ந்துள்ளது.
மின்கசிவு.
இவற்றில் அடங்காத எதுவும்
கொருக்குப்பேட்டையில் நடக்காது என்று
யாரோ முடிவு செய்து அச்சடித்திருக்கிறார்கள்.

நான் வயர்மேன் சற்குணம்.
ஏணி மாநகராட்சியுடையது.
டெஸ்டர் என்னுடையது.
கேட்டில் சரக்கு ரயில் நிற்கும் இருபது நிமிடம்
எனக்கு டீ நேரம்.
மற்ற நேரமெல்லாம் அண்ணாந்து பார்ப்பது வேலை,
அதில் கழுத்து தேய்ந்துவிட்டது.

போன ஆவணியில்
தெருவிளக்கு எல்லாம் எல்.இ.டி. ஆக வேண்டும் என்று
மன்றத்தில் தீர்மானம்.
ஒருமனதாக நிறைவேறியது.
நாற்பது நாளில் அறுபத்திரண்டு கம்பம் மாற்றினேன்.
பழைய மஞ்சள் விளக்குகளை
எண்ணிக் கிடங்கில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன்.
அதில் எண் 31-க்கு உரியது
நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்தே எரியாதது.
அதற்காக ஒருவரும் புகார் கொடுத்ததில்லை.
ஏன் என்று நானும் கேட்டதில்லை.

தனகோட்டி வந்தாள், கூட நாலு பேர்.
"லைட்டு சூப்பரா கீதுண்ணா. அதான் ரோதன."
சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்தாள்.
அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.
"மூணு மணிக்குத்தான் பம்புல தண்ணி ஏறுது.
புடிச்சிட்டு அங்கயே குளிச்சிட்டு வந்துருவோம்.
வூட்டுக்குள்ள எங்க எடம்?
இப்ப கல்யாண மண்டபம் கணக்கா கீது."

பதிவேட்டைத் திறந்தேன்.
பேனா ஐந்து கட்டங்களையும் சுற்றி வந்து
ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து நின்றது.

உதவிப் பொறியாளர் ஜீவரத்தினம் சிரித்தார்.
"எரியுதுன்னு கம்ப்ளெயின்ட்டா?
எழுதிக் குடுக்கச் சொல்லு, மேல அனுப்பறேன்."
மேலே என்றால் எனக்கு ஒன்பது மீட்டர்.
அவருக்கு மண்டல அலுவலகம்,
அதற்கும் மேலே ரிப்பன் மாளிகை.
குளியலறை கேட்ட மனு ஒன்று
மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறது.
இடம் ரயில்வேயுடையதா நம்முடையதா என்று
இன்னும் அளக்கிறார்களாம்.

மண்ணடியில் ஒரு இழுவை சுவிட்ச்,
நூற்றுப் பத்து ரூபாய்,
எந்தக் கணக்கிலும் வராது.
ஈரக் கை இரும்பைத் தொடக் கூடாது என்று
காசிமேட்டில் வலைக்கயிறு ஒரு பாகம் வாங்கினேன்,
பச்சை நைலான்.
கம்பத்தில் ஏறிக் கட்டும்போது
கீழே ஒரு பையன் கேட்டான்:
"இன்னாண்ணா, மீன் புடிக்கப் போறியா?"

பதினோராம் நாள் புகார் வந்தது.
இரண்டாவது கட்டத்தில் டிக்.
விட்டு விட்டு எரிகிறது.
எண் 31, தினமும் அதிகாலை
மூன்று ஐந்திலிருந்து மூன்று ஐம்பது வரை,
நிமிடம் பிசகாமல் எழுதியிருந்தது.
எதிர்ப்புறம், இரண்டாவது மாடி.

பத்து நாளாக மூன்று மணிக்கு விழித்து
ஜன்னலில் நிற்கிறவர் யார், எதற்கு?
அதற்கும் கட்டம் இல்லை.

நான் எழுதினேன்:
கடல் உப்புக் காற்றால் இணைப்பு துருப்பிடித்துள்ளது.
சரிசெய்யப்பட்டது.
ஜீவரத்தினம் படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடியும் படித்தார்.
"காசிமேட்டுக் காத்து இவ்ளோ தூரம் வருமாய்யா?"
"வரும் சார்."
"டெய்லி மூணு மணிக்கா?"
"அந்த நேரத்துலதான் சார் கொஞ்சம் ஜாஸ்தி."
பச்சை மையில் சுருக்கொப்பம் போட்டார்.
புகார் தீர்க்கப்பட்டது என்று
இரண்டாவது மாடிக்கு ஒரு குறுஞ்செய்தி போயிருக்கும்.

மறுபடி வந்தது. மறுபடி துரு.
இந்த மாதத்தில் மூன்று முறை.

இரவுச் சுற்றில் அறுபத்தொரு கம்பத்தை
நின்று அண்ணாந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.
மூன்று மணிக்கு
அந்தத் தெருமுனையில் சைக்கிளைத் திருப்பிவிடுவேன்.
எண் 31-க்கு மட்டும்
பார்க்காமல் போடுகிறேன்.